ஒரே தேதியில் இரண்டு கவுன்சிலிங்

“மிஸ், ஒண்ணு கேட்கணுங்க.”

“இப்பவா கண்ணு? பஸ்ஸுக்கு நேரமாச்சே. நாமக்கல்லுக்குக் கவுன்சிலிங் போறேன்.”

“கவுன்சிலிங்கா? உங்களுக்குமாங்க மிஸ்?”

“ஏன், எனக்கு இருக்கக் கூடாதா?”

“இல்லீங்க... நீங்க எப்பவும் சிரிச்சுப் பேசுவீங்களே. அதான்.”

“அடி மக்கு! இது டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங். மனசுக்குக் குடுக்கறது இல்ல, எங்க ஊருக்கு என்னை அனுப்பறதுக்கு நடத்தறது. போயிட்டு வந்து பேசலாம், என்ன?”

“சரிங்க மிஸ்.”

இந்தப் பேச்சு ஜூலை மாதம் ஒரு காலையில், மலை மேலிருக்கும் அந்த உண்டு உறைவிடப் பள்ளியின் வாசலில் நடந்தது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ரோஸ்லின் டீச்சர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ராசிபுரம் பக்கம் எந்தப் பள்ளியில் தாவரவியல் இடம் காலியாக இருக்கிறது என்று பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற பன்னிரண்டாம் வகுப்பு ராதிகாவின் பார்வை டீச்சரின் முகத்தில் இல்லை, போனில் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் போனைக் கண்டால் போதுமே என்று நினைத்து, அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள் ரோஸ்லின். பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

வளைவுக்கு வளைவு அவளுக்குச் சிரிப்புதான். ‘உங்களுக்குமாங்க மிஸ்?’ நாமக்கல்லில் வரிசையில் நின்ற மற்ற ஆசிரியைகளிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். கணவன் ஓம்பிரகாஷிடம் போனில் சொன்னாள், அவனும் சிரித்தான். நான்கு வருடமாகக் கேட்டும் கிடைக்காத இடம் அன்று கிடைத்தது. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அம்மாவைப் பார்க்கும் மகள் ஜாஸ்மின் இனி தினமும் அம்மா கையால் தலை சீவிக்கொள்வாள். அந்தச் சந்தோஷத்தில் மலையேறி வந்தவளுக்கு, ஒரு பெண் எதையோ கேட்க வந்தாள் என்பதே மறந்துபோனது. ராதிகாவும் மறுபடி வரவில்லை.

ஆறு வாரம் கழித்து, இப்போது, அந்தச் சிரிப்பு ரோஸ்லினின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலைப் படிப்பு நேரத்தில் ராதிகா விடுதியில் இல்லை. கீழே இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் பார்த்திருக்கிறார். மேலிருந்து மூன்றாவது வளைவில், கைப்பிடிச் சுவரோரம், பள்ளிச் சீருடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவர் விசில் அடித்துப் பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “எங்க கண்ணு போகணும்?” என்று கேட்டாராம். “தெரியலீங்க” என்றாளாம். நாற்பது பயணிகள் முணுமுணுத்தும் அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. மேலே வரும் பஸ் வந்ததும் அதில் ஏற்றி, கூடவே வந்து பள்ளியில் விட்டுவிட்டுத்தான் போனார்.

அவள் எதற்காக அங்கே போனாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “லவ்வா?” என்பது. “இல்லீங்க சார்” என்றாள். “அப்ப மார்க்கா?” “இல்லீங்க சார்.” “வீட்ல பிரச்சனையா?” “இல்லீங்க சார்.” “பின்ன காரணம் என்னதான்?” அவர் மேசையைத் தட்டியபோது அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “காரணம் தெரிஞ்சா நானே சரி பண்ணிக்குவேனுங்களே சார்.”

திமிர் என்றார் அவர். சுவரோரம் நின்ற ரோஸ்லினுக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்குப் பணி விடுவிப்பு. அந்த ஆணை தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில், அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது.

வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோஸ்லின்தான் அந்தப் பள்ளியின் ஆலோசனைப் பொறுப்பாசிரியர்.

அந்தப் பொறுப்பு வந்த விதம் இப்படி. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், “நீங்க பொறுமையாப் பேசறீங்க, நீங்களே பாருங்க” என்று அவள் பெயரை எழுதிவிட்டார் தலைமையாசிரியர். கீழே ஒரே ஒரு நாள் பயிற்சி. டீ, வடை, ஒரு கையேடு, ஒரு சான்றிதழ். அதற்குப் பிறகு கீழேயிருந்து மனநல ஆலோசகர் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறை வருவார். போன வருடம் வந்தவர் காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “யாருக்காச்சும் மனசுல பிரச்சனை இருந்தா கை தூக்குங்க” என்றார். இருநூற்று முப்பது பிள்ளைகளுக்கு நடுவே எந்தப் பிள்ளை கை தூக்கும்? “ரொம்ப நல்லது, எல்லாரும் ஆரோக்கியமா இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, பனி இறங்கும் முன் அவர் மலையிறங்கிவிட்டார்.

பிறகு பதிவேடு. மாணவர் மனநல ஆலோசனைப் பதிவேடு. ஜூலைக் கடைசியில் ஆய்வுக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தபோது அது பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. ஒரு மதிய வேளை முழுவதும் உட்கார்ந்து ரோஸ்லின் அதை நிரப்பினாள். எழுத்தர் செங்கோடன் தேதிகளையும் பெயர்களையும் வாசிக்க, அவள் எழுதினாள். எல்லாம் ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்று நீலம், கறுப்பு, மறுபடி நீலம் என மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினாள். ‘ஆலோசனை வழங்கப்பட்டது. மாணவி நலமாக உள்ளார்.’ நாற்பத்தோரு பெயர்கள். நாற்பத்தோரு பேரும் நலம். பக்கத்தில் அவள் கையெழுத்து, அதற்குக் கீழே தலைமையாசிரியரின் மேலொப்பம்.

எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதானே என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

இன்று காலை ஓம்பிரகாஷ் கூப்பிட்டான். ஜாஸ்மினுக்குப் புதுப் படிப்பு மேசை வாங்கிப் போட்டுவிட்டதாகவும், அவள் அதை யாரையும் தொட விடுவதில்லை என்றும் சொல்லிக்கொண்டே வந்தவன், இவள் குரலைக் கேட்டு நிறுத்தினான். ரோஸ்லின் எல்லாவற்றையும் சொன்னாள். பதிவேட்டையும் சேர்த்து.

“ரோசு, காலேஜ்ல அந்த மெஸ் வார்டன் முன்னால நீ தட்டைத் தூக்கி வீசின பாரு, ஞாபகம் இருக்கா?”

“இப்ப எதுக்கு அது?”

“அன்னைக்குத்தான் நான் விழுந்தேன். மூக்கு நுனி செவசெவன்னு இருந்துச்சு. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அந்த மூக்கை நான் மறுபடி பார்க்கவே இல்ல.” பிறகு மெதுவாகச் சொன்னான்: “வெள்ளிக்கிழமையை நினைச்சுக்கிட்டு எதையும் முழுங்காத. மேசை எங்கயும் போயிராது.”

பதினொரு மணிக்கு ராதிகாவின் அப்பா வந்தார்.

கருப்பண்ணனை ரோஸ்லின் இதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தவர் போல, மிளகுக்கொடியின் கறை படிந்த சட்டையில் இருந்தார். இன்று பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஒரு கையில் பை நிறைய மலைவாழைப் பழம். இன்னொரு கையில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த பச்சை நிற ஃபைல். மலையிலேயே உள்ள பெரக்கரை நாட்டுக் கிராமத்திலிருந்து இரண்டு மைல் நடந்து, பஸ் பிடித்து வந்தவர். முகத்தில் களைப்பே இல்லை.

“வணக்கமுங்க சார். வணக்கமுங்க டீச்சர்.” பையை மேசை மேல் வைத்தார். “நம்ம காட்டுப் பழமுங்க. எல்லாரும் எடுத்துக்கங்க.”

“உட்காருங்க, உட்காருங்க” என்றார் நவநீதகிருஷ்ணன். “செங்கோடா, அந்தக் கதவைச் சாத்து.”

கதவு சாத்தப்பட்டது. அந்த அறைக் கதவு காலை முதல் மாலை வரை திறந்தே கிடப்பது வழக்கம். சாத்தியதும் அதற்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டி தெரிந்தது. சிரிக்கும் ஒரு பெண்பிள்ளை, ‘மனம் விட்டுப் பேசு’ என்ற வரி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஓர் இலவசத் தொலைபேசி எண். ஒட்டச் சொல்லி ஆணை வந்திருந்தது. ஒட்டியாகிவிட்டது. இத்தனை நாள் அது அங்கே இருப்பதையே ரோஸ்லின் கவனித்ததில்லை. விடுதிப் பிள்ளைகள் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் போனில், ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்.

கருப்பண்ணன் ஃபைலைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கத் தொடங்கினார்.

“எல்லாம் கொண்டாந்துபோட்டனுங்க. சாதிச் சர்டிபிகேட்டு. ரேசன் கார்டு. ஆதாரு. பத்தாவது மார்க்குச் சீட்டு. போட்டோ மட்டும் நாலுதான் இருக்குதுங்க. போதுமுங்களா? யுவராஜுக்கு ஆறு கேட்டாங்களாம்.”

“யாருங்க யுவராஜ்?” என்றாள் ரோஸ்லின்.

“எங்க பக்கத்துக் காட்டுப் பையனுங்க. போன வருசம் இதே மாதிரிதான் கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டாங்க. சேலத்துல இன்ஜினியர் சீட்டுக் கிடைச்சுது. இப்ப எங்க புள்ளைக்கு!” அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “நேத்து இந்தக் கிளார்க்கு சாரு போன் பண்ணி, ‘உங்க பொண்ணு கவுன்சிலிங் விசயமா அவசரமா வாங்க’ன்னாரு. பன்னெண்டு முடிக்கறதுக்கு முன்னாலயே கூப்பிடறாங்களான்னு ஊட்ல பொன்னம்மா நம்பவே இல்லீங்க. ‘ஏனுங்க நெசமாவா, ஏனுங்க நெசமாவா’ன்னு நூறு தடவ கேட்டுப்போட்டா. இந்தச் சட்டையக்கூட அவதான் எடுத்துக் குடுத்தா.”

செங்கோடன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது.

ரோஸ்லின் தலைமையாசிரியரைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த தாள் ஒன்றைக் கருப்பண்ணன் பக்கம் நகர்த்தினார்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“போடறனுங்க, போடறனுங்க. எந்தூருங்க சீட்டு?”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல கையெழுத்து.”

கருப்பண்ணன் துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பேனாவை வாங்கி, தாளை நேராக வைத்து, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுத ஆரம்பித்தார். எதிரே நின்ற ரோஸ்லின் அந்தத் தாளைத் தலைகீழாகப் படித்தாள். ‘என் மகள் செல்வி க. ராதிகாவை எனது சொந்த விருப்பத்தின் பேரில் இப்பள்ளியிலிருந்து விடுவித்து, மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

‘கருப்ப’ வரை வந்திருந்தது.

ரோஸ்லின் தாளைப் பிடுங்கினாள். பேனா முனை மேசையின் கண்ணாடியில் கீச்சென்று இழுத்துக்கொண்டு போனது.

“டீச்சர்!” என்று எழுந்தார் நவநீதகிருஷ்ணன்.

“மனுசங்கதானா நீங்க?” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “சீட்டுன்னு நினைச்சுக் கையெழுத்துப் போடறாரு சார்! பொண்டாட்டி எடுத்துக் குடுத்த சட்டையப் போட்டுக்கிட்டு வந்து, பொண்ணுக்குச் சீட்டுன்னு நினைச்சு, டீசிக்குக் கையெழுத்துப் போடறாரு. பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. அவன் சிரிக்கறான்!”

செங்கோடன் சிரிப்பதை நிறுத்தினான்.

“என்னங்க டீச்சர்? தப்பா எழுதிப்போட்டனுங்களா?” என்று கேட்டார் கருப்பண்ணன். பேனா இன்னும் அவர் கையில் நின்றது.

ரோஸ்லின் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். இத்தனை கோபத்தோடு இதை எப்படிச் சொல்வது? ஆனால் கோபம் ஆறும் வரை காத்திருந்தால் சொல்லாமலே போய்விடும் என்று தோன்றியது.

“அண்ணா, உங்க புள்ளைக்குச் சீட்டு இல்லீங்க. இது அந்தக் கவுன்சிலிங் இல்ல. ராதிகாவுக்கு மனசுக்கு முடியல. ரொம்ப நாளா முடியல போல. நேத்துக் காலையில விடுதிய விட்டுக் கிளம்பித் தனியா ரோட்டு வளைவுல போய் உட்கார்ந்துட்டா. ஒரு கண்டக்டர் பார்த்துக் கூட்டிட்டு வந்தாரு. பார்க்கலைன்னா...” அவர் பக்கம் குனிந்தாள். “உயிருக்கு ஒண்ணும் இல்லீங்க. சிக் ரூம்ல இருக்கா. சமையல் பண்ற அத்தாயி அக்கா நேத்துல இருந்து அவ பக்கத்தை விட்டு நகரல.”

கருப்பண்ணனின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. அது என்ன செய்வதென்று தெரியாமல் உதட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது. அதைப் பார்க்க முடியாமல் ரோஸ்லின் தன் கையைப் பார்த்தாள்.

“வளைவுலயா?” என்றார். “அங்க என்ன வேலை அதுக்கு?” என்றார். பிறகு அவருக்கே புரிந்தது. அடுக்கி வைத்த சான்றிதழ்களின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

நவநீதகிருஷ்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். “கருப்பண்ணன், அந்தப் புள்ள மேல எனக்கு ஒரு கோபமும் இல்லீங்க. ஆனா இங்க இன்னும் இருநூறு பேர் இருக்காங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எனக்கு ஏழு மாசம்தான் சர்வீஸ் இருக்குது. வீட்ல இருந்தா நீங்க கண்ணு முன்னால வச்சுப் பார்த்துக்குவீங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“நல்லதுக்குன்னா அவருகிட்ட சொல்லிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாமே சார்” என்றாள் ரோஸ்லின்.

கருப்பண்ணன் அவள் பக்கம் திரும்பினார். இப்போது அவர் கண்ணிலும் கோபம் இருந்தது. அது யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம்.

“டீச்சர், நீங்கதான கவுன்சிலிங் டீச்சரு? எம்புள்ள சொல்லியிருக்குது. ‘எங்க ரோஸ்லின் மிஸ்தான் கவுன்சிலிங் பார்க்கறாங்க, நல்லவங்க’ன்னு சொல்லும். நீங்க பார்க்கலீங்களா?”

அவள் பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். “அதெல்லாம் பார்த்திருக்குது. பள்ளிக்கூடம் மேல ஒரு தப்பும் கிடையாது. செங்கோடா, அந்த ரிஜிஸ்டரை எடு.” வாங்கிப் புரட்டினார். விரலை வைத்து, கோர்ட்டில் படிப்பதுபோல உரக்கப் படித்தார். “இங்க பாருங்க. க. ராதிகா, பன்னிரண்டாம் வகுப்பு. ஜூலை ஒன்பதாம் தேதி. ஆலோசனை வழங்கப்பட்டது. மாணவி நலமாக உள்ளார். டீச்சர் கையெழுத்து இருக்குது. என் மேலொப்பம் இருக்குது. எங்க கடமைய நாங்க செஞ்சாச்சு.”

ஜூலை ஒன்பது.

ரோஸ்லினுக்கு, செங்கோடன் வாசித்த தேதியைத் தலை நிமிராமல் எழுதிய அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. நீலப் பேனா. யார் பெயருக்கு எந்தத் தேதி என்று அவள் பார்க்கவே இல்லை. எழுதி முடித்துவிட்டு டீ குடித்தாள்.

அவள் எழுந்து மூலையில் கிடந்த தன் கைப்பையைத் திறந்தாள். ஆறு வாரமாக உள்ளே வைத்து, வாரம் ஒரு முறையாவது எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த மாறுதல் ஆணையை வெளியே எடுத்தாள். மடிப்பைப் பிரித்து, பதிவேட்டின் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

“இதையும் படிங்க சார்.”

“என்ன இது?”

“என் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். கவுன்சிலிங் நடந்த தேதி போட்டிருக்குது பாருங்க. ஜூலை ஒன்பது. காலையில பஸ் ஏறினவ ராத்திரிதான் திரும்பி வந்தேன். ஒரே நாள்ல நாமக்கல்லுல எனக்குக் கவுன்சிலிங், இங்க ராதிகாவுக்கு நான் குடுத்த கவுன்சிலிங். எப்படி சார்? எனக்கு என்ன ரெண்டு உடம்பா?”

செங்கோடன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். நவநீதகிருஷ்ணன் ஒரு காகிதத்திலிருந்து இன்னொரு காகிதத்துக்குப் பார்வையை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடப் போனார். ரோஸ்லின் அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

“டீச்சர், யோசிச்சுப் பேசுங்க” என்றார் அவர் மெதுவாக. “வெள்ளிக்கிழமை ரிலீவ் ஆகறீங்க. பொய்ப் பதிவுன்னு வெளியே போனா மெமோ முதல்ல உங்களுக்குத்தான். ரிலீவிங் நின்னுரும். ஆர்டரே ரத்தாகலாம். வீட்ல சின்னக் குழந்தை இருக்குது உங்களுக்கு.”

“இருக்குது சார். அஞ்சு வயசு. ஒரு நாள் அதுவும் எவளோ ஒரு டீச்சர்கிட்டப் போய், ‘மிஸ், ஒண்ணு கேட்கணும்’னு நிக்கும். அந்த டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனா நான் அவளை என்ன பண்ணுவேன்னு யோசிச்சுப் பார்க்கறேன். என்னை அதையெல்லாம் பண்ணணும் சார் இப்ப.” பதிவேட்டின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. “மெமோ குடுங்க. பொய்தான், நான்தான் எழுதினேன்னு நானே எழுதித் தாரேன். ராதிகா மட்டும் இல்ல, நாப்பத்தோரு பேரும் பொய். ரிலீவிங் ஆர்டர் உங்க டிராயர்லயே இருக்கட்டும். ஆனா அவளுக்கு டீசி குடுத்தீங்கன்னா, இந்த ரெண்டு காகிதத்தையும், பாதிக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளையும் சேர்த்து எடுத்துக்கிட்டு நானே கீழ ஆபீசுக்குப் போவேன். யார் யார் மேலொப்பம் போட்டாங்கன்னு அவங்க படிச்சுக்கட்டும்.”

இதுவரை கையை ஊன்றியபடி உட்கார்ந்திருந்த கருப்பண்ணன் பேசினார். குரல் உயரவே இல்லை.

“அப்ப எம்புள்ளகிட்ட யாருமே பேசலைங்களா?”

ரோஸ்லினுக்கு அதுவரை வராத அழுகை வந்தது. அதையும் கோபத்தோடு துடைத்தாள்.

“இல்லீங்க. அவ பேச வந்தா, நான் கேட்கல. கேட்டதா எழுதி மட்டும் வச்சேன்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவர் திட்டவில்லை. சாதிச் சான்றிதழை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். ரேஷன் கார்டு. ஆதார். மதிப்பெண் பட்டியல். நான்கு புகைப்படங்களையும் எண்ணிப் பார்க்காமல் உள்ளே போட்டார். கடைசியாக, மேசை மேல் வைத்த வாழைப்பழப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“இது எம்புள்ளைக்குங்க” என்றார் தலைமையாசிரியரிடம். “வாங்க டீச்சர். எங்க இருக்குதுன்னு காட்டுங்க.”

பாதிக் கையெழுத்துத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரோஸ்லின் கதவைத் திறந்தாள். சுவரொட்டி மறுபடி கதவுக்குப் பின்னால் போனது. நவநீதகிருஷ்ணன் பின்னாலிருந்து, “டீச்சர், இப்ப என்னதான் செய்யணும்கறீங்க?” என்று கேட்டார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை, பயந்த ஒரு வயசாளியின் குரலாக இருந்தது. அதற்காக அவள் இரங்கவில்லை.

“அவ அன்னைக்கு என்ன கேட்க வந்தான்னு முதல்ல கேட்கணும் சார். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.”

சிக் ரூம் என்பது சமையலறைக்குப் பின்னால், பழைய நாற்காலிகள் அடுக்கிய அறை. நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கட்டில். அதில் ராதிகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தரையில் முறத்தை வைத்துக்கொண்டு அத்தாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆள் அரவம் கேட்டு நிமிர்ந்தவள், “வாங்க, வாங்க. யாரு வந்துருக்கறதுன்னு பாரு சாமி” என்றாள்.

ராதிகா திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையையும் பச்சை ஃபைலையும் பார்த்தாள். ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் கோணிக்கொண்டு வந்தது.

“அப்பா... சீட்டுன்னு நினைச்சுப்போட்டு வந்தீங்களா?”

“அது கெடக்குது உடு” என்றார் கருப்பண்ணன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைச் சாப்பிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். “தூங்கறயா கண்ணு நீ?” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள். “எத்தன நாளா?” “மழைக்கு முன்னால இருந்தேங்கப்பா.”

மழைக்கு முன்னால் என்றால் மே மாதம். ரோஸ்லின் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பள்ளி திறந்ததிலிருந்து இந்தப் பெண் தன் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து வேர், தண்டு, இலை என்று படம் வரைந்துகொண்டிருந்தாள். படம் அழகாக இருக்கும். ‘வெரி குட்’ என்று எழுதியிருக்கிறாள். முகத்தைப் பார்த்து எழுதியதில்லை.

அவள் அத்தாயிக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தாள். இப்போது கட்டிலில் இருந்தவள் உயரத்திலும் டீச்சர் கீழேயும் இருந்தார்கள்.

“ராதிகா, அன்னைக்கு கேட்ல நின்னு ஒண்ணு கேட்கணும்னு சொன்ன. நான் போயிட்டு வந்து பேசலாம்னு போயிட்டேன். வந்தும் பேசல. அது என் தப்பு, உன் தப்பு இல்ல. இப்ப எனக்குப் பஸ் எதுவும் இல்ல கண்ணு. வெள்ளிக்கிழமையும் இல்ல. அன்னைக்கு என்ன கேட்க வந்தே?”

ராதிகா அப்பாவைப் பார்த்தாள். அத்தாயியைப் பார்த்தாள். அத்தாயி முறத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அவள் பார்வை கடைசியில் ரோஸ்லினின் முகத்துக்கு வந்து, அங்கிருந்து இறங்கி, மடியில் இருந்த கைப்பையில் நின்றது. ஜூலை ஒன்பதாம் தேதி நின்ற அதே இடத்தில்.

“பெருசா ஒண்ணும் இல்லீங்க மிஸ்.”

“பரவால்ல, சொல்லு.”

“திட்டக் கூடாதுங்க.”

“திட்ட மாட்டேன்.”

“ஜூன் மாசத்துல மார்க்குக் கொறஞ்சுதுன்னு ஹெச்செம் சார் என்னையக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திட்டுத் திட்டினாருங்க. அப்பப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால ஒரு நம்பர் ஒட்டியிருக்குதுங்களே, அது.” பழத்தை மறு கைக்கு மாற்றினாள். “உங்க போனைக் கொஞ்சம் குடுங்க மிஸ். பத்தே பத்து நிமிசம். அந்த நம்பருக்குப் பேசணுங்க. சீட்டுல எழுதிக் குடுக்க வேண்டாமுங்க, எனக்கு மனப்பாடமா இருக்குது.”